விளம்பரத்துக்கு முன் கஸ்தூரியார் வீதி

புதிதாகத் தொழில் தொடங்குபவர் முதல் வாடிக்கையாளரைப் பிடிக்க முகநூல் விளம்பரமே போதும் என்கிறது ஒரு கட்டுரை. யாழ்ப்பாணத்தில் அது சரிவராது. கடைகளுக்கு பில் மென்பொருள் செய்தவர் கடைகள் நிறைந்த கஸ்தூரியார் வீதிக்கு, சனம் குறைந்த நேரம் பார்த்து நேரே போக வேண்டும். முதலாளியிடம் மட்டும் பேசினால் காணாது. கொப்பியில் கணக்கு எழுதும் பிள்ளைக்குப் பிடிக்காவிட்டால் இரண்டாம் கிழமையே பழைய கொப்பி வெளியே வந்துவிடும். இணையத்தில் பணம் பெற உதவும் ஸ்ட்ரைப் நிறுவனத்தைத் தொடங்கிய கொலிசன் சகோதரர்களே ஆரம்பத்தில், பாவித்துப் பார்க்கச் சம்மதித்தவரின் மடிக்கணினியை அங்கேயே கையில் வாங்கித் தாங்களே அதை நிறுவிக் கொடுத்தவர்கள்தான். வீடுகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பியின் நிறுவனர்களும் 2009இல் நியூயோர்க்கில் வீடு வீடாகப் போய் அந்த வீடுகளைப் படம் எடுத்தார்கள்.

அப்புறம், சொந்தக்காரருக்குச் சும்மா கொடுத்துவிட்டு அதை வாடிக்கையாளர் கணக்கில் சேர்க்காதீர்கள். மாமா எப்படியும் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார். மாதம் ஐந்நூறு ரூபாயாவது கேட்டுப் பாருங்கள், குறையெல்லாம் அன்றைக்கே வெளியே வரும்.