பட்டன் பேட்டரி காசு மாதிரி அல்ல

வீட்டில் பாடம் நடத்தும்போது கைக்குழந்தை பட்டன் பேட்டரியை (காசு மாதிரி வட்டமான சின்னப் பேட்டரி) விழுங்கிவிட்டால் பதற வேண்டாம், காசு மாதிரி இரண்டு நாளில் தானாக வெளியே வந்துவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து நம்பாதீர்கள். வயிற்றுக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் வந்துவிடும், சரிதான். உணவுக்குழாயில் சிக்கினால் கதையே வேறு. எச்சில் ஈரம் பட்டதும் மின்னோட்டம் பாய்ந்து அங்கே கடுங்காரம் என்ற அரிக்கும் ரசாயனம் உண்டாகும். 2 மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடும். தீர்ந்துபோனது என்று கழற்றி வைத்த பேட்டரியும் இதே வேலையைச் செய்யும்.

எங்கே நிற்கிறது என்பது எக்ஸ்ரேயில்தான் தெரியும். குழந்தை சிரித்து விளையாடுவதை வைத்து முடிவு கட்டாதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரம் ஆகவில்லை, விழுங்கவும் முடிகிறது என்றால் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம் (தேன் தேடி நேரத்தை விடாதீர்கள்). வேறெதுவும் வேண்டாம்.

பெரிய பிள்ளையின் பாட மேசையை இன்றே பாருங்கள்: பேசும் புத்தகம், கால்குலேட்டர், சின்னத் தராசு, இவற்றில் இந்தப் பேட்டரி இருக்கலாம். பேட்டரி மூடியில் ஸ்குரூ இல்லையென்றால் அதைச் சின்னவர் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.