முதுகில் ஊசி, யாரைக் கேட்டு?

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி மகளுக்கு வளைகாப்பு. திருச்சியில்தான், வீட்டு மொட்டை மாடியில் ஷாமியானா போட்டு. கன்னத்தில் சந்தனம், கை கொள்ளாத கண்ணாடி வளையல் என்று உட்கார்ந்திருந்தவள், பக்கத்தில் இருந்த என்னிடம் மெதுவாகத்தான் கேட்டாள்: "அக்கா, வலி தெரியாம இருக்க ஊசி போட்டுக்கலாமாக்கா?" மெதுவாகக் கேட்டு என்ன பிரயோசனம், வளைகாப்பு வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி பேசுவது மைக்கில் பேசுகிற மாதிரி.

பெரியம்மா திரும்பினார். "முதுகுல ஊசி போட்டா காலத்துக்கும் இடுப்பு வலிடி, குனிஞ்சு ஒரு குடம் தண்ணி தூக்க முடியாது." மாமியார் சிரித்துக்கொண்டே, "நாங்கல்லாம் வலிச்சுப் பெத்தவங்கதாம்மா" என்றார். சிரிப்புதான், ஆனால் முள் இருந்தது. ஓர் அத்தை திருக்கருகாவூர் கோயிலில் வாங்கிய விளக்கெண்ணெயை அவள் கையில் கொடுத்து, வலி எடுத்தால் வயிற்றில் தடவிக்கொள், மற்றதை கர்ப்பரட்சாம்பிகை பார்த்துக்கொள்வாள் என்றார். இன்னொருவர் "மலடி அறிவாளா பிள்ளை பெத்தவ வலி" என்று ஒரு பழமொழியை எடுத்துவிட்டார். பிள்ளையில்லாத எங்கள் அத்தை மகள் ஒருத்தி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். எதற்குத்தான் வாயைத் திறக்கிறார்களோ.

கேள்வி கேட்டவள் அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. நானும் அங்கே பேசவில்லை, கோழைத்தனம்தான். அதனால் இங்கே எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும்.

எனக்கு இரண்டு பிரசவம். 2013-ல் பெரியவன், ஊசி எதுவும் இல்லாமல். 2018-ல் சின்னவள், எபிடியூரல் (பிரசவ வலியைக் குறைக்க முதுகில் போடுகிற அந்த ஊசி) போட்டு. இரண்டும் நார்மல். அதனால் இரண்டு பக்கமும் போய் வந்தவள் என்கிற தகுதி மட்டும் எனக்கு உண்டு, நான் டாக்டர் கிடையாது.

முதல் பிரசவத்தில் தேதி தாண்டியும் வலி வரவில்லை. அட்மிட் பண்ணி, எனிமா கொடுத்து, வலி வருவதற்கு ட்ரிப் ஏற்றினார்கள். தானாக வருகிற வலி ஏறி இறங்கி, மூச்சு விட நேரம் கொடுத்து வரும் என்பார்கள், ட்ரிப் வலி எனக்கு அப்படி வரவில்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. பதினான்கு மணி நேரம். நடுவில் நான் கத்தியதற்கு அங்கிருந்த ஆயாம்மா சொன்ன வாக்கியத்தை இங்கே எழுத முடியாது. பிள்ளை பெற்ற நிறைய பேருக்குத் தெரியும், "அப்ப மட்டும்..." என்று ஆரம்பிக்குமே, அதேதான். ஒரு கட்டத்தில் நான் டாக்டர் காலைப் பிடிக்காத குறையாக, "கிழிச்சாவது எடுத்துடுங்க மேடம்" என்று கெஞ்சினேன். கடைசியில் கீழே கத்தி வைத்து, தையல் போட்டு, பிள்ளை பிறந்தான். ஊருக்கெல்லாம் போன செய்தி என்ன? "சுகப்பிரசவம்."

இதை நான் சோகக் கதையாகச் சொல்ல வரவில்லை. அன்று என் உடம்பில் நடந்தவற்றைப் பாருங்கள். எனிமா, ட்ரிப், மணிக்கொரு தடவை கை வைத்துப் பார்த்தது, கத்தரிக்கோல், தையல். ஒன்றுக்காவது என்னைக் கேட்டார்களா? இல்லை. வீட்டில் யாராவது "இதெல்லாம் இயற்கைக்கு விரோதம்" என்று மறுத்தார்களா? அதுவும் இல்லை. வலியை வரவழைக்க மருந்து ஏற்றலாம், அது இயற்கை. வலியைக் குறைக்க மருந்து கேட்டால் மட்டும் "நம்ம பாட்டியெல்லாம்..." என்று தொடங்கிவிடுகிறார்கள். இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இதைவிடப் பெரிய கூத்து சிசேரியன். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 63.8. கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு வயிற்றைத் திறந்துதான் பிள்ளையை எடுக்கிறோம், அதில் பெரும்பாலானவர்களுக்கு மரத்துப்போகப் போடுகிற ஸ்பைனல் ஊசி எங்கே போகிறது? முதுகில்தான். டாக்டர் வெளியே வந்து "ஆபரேஷன்" என்றதும் மொத்தக் குடும்பமும் கைகூப்பி, காட்டின இடத்தில் கையெழுத்துப் போடுகிறது. பெரியம்மாவின் தண்ணீர்க்குடம் அப்போது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. வலியில் இருக்கிறவளே தனக்காக ஓர் ஊசி கேட்டால்தான் முதுகெலும்பைப் பற்றிய அக்கறை எல்லோருக்கும் பொங்கி வருகிறது. ஊசிமேல் யாருக்கும் கோபம் இல்லை, அதை அவள் கேட்கிறாளே என்பதுதான் உறுத்துகிறது என்று நான் நினைக்கிறேன். தப்பாக இருந்தால் சொல்லுங்கள்.

சரி, முதுகு வலிக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த ஒரு பயத்தாலேயே நிறைய பேர் பின்வாங்குகிறார்கள். எபிடியூரல் போடும் இடம் இடுப்புக்கு நேரே, முதுகெலும்பின் கீழ்ப்பகுதி. தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஸ்பைனல் ஊசி தண்டுவட நீர் இருக்கிற உறைக்கு உள்ளே போகும், எபிடியூரல் அந்த உறைக்கு வெளியிலேயே நின்றுவிடும். அங்கே ஒரு மெல்லிய குழாயை விட்டுவிட்டு ஊசியை எடுத்துவிடுவார்கள், பிறகு குழாய் வழியாகத்தான் மருந்து. 11,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 40 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பில், எபிடியூரல் போட்டவர்களுக்கு நீண்டநாள் முதுகு வலி கூடுதலாக வரவில்லை. எபிடியூரலால் சிசேரியனும் கூடவில்லை. அப்படியென்றால் பெரியம்மா பொய் சொல்கிறாரா? இல்லை. பிள்ளை பெற்ற பிறகு முதுகு வலி நிறைய பேருக்கு உண்டு, ஊசியே போடாத எனக்கும் 2013-க்குப் பிறகு இருந்தது. பத்து மாதச் சுமை, வளைந்து உட்கார்ந்து பால் கொடுப்பது, இரும்புச் சத்து இல்லாத உடம்பு, ராத்திரித் தூக்கம் கிடையாது. வலி நிஜம். ஊசி போட்டவள் ஊசியைச் சொல்கிறாள், போடாதவள் "பிள்ளை பெத்த உடம்பு" என்கிறாள், அவ்வளவுதான்.

அதே நேரம் மருத்துவமனை வாசலில் "வலியில்லா பிரசவம்" என்று போர்டு வைக்கிறார்களே, அவர்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. வலியில்லாமல் எல்லாம் இல்லை. கர்ப்பப்பை வாய் நாலு சென்டிமீட்டர் திறக்கும் வரை வலியோடுதான் இருந்தேன், அதற்கு அப்புறம்தான் போட்டார்கள் (அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை, கேட்கும்போதே போடலாம் என்று பிறகுதான் தெரிந்தது). இடுப்பு வலி உச்சத்தில் இருக்கும்போது வயிற்றை மடக்கி, முதுகை வில்லாக வளைத்து, அசையாமல் உட்கார் என்கிறார்கள், அசையாமல்! போட்டு இருபது நிமிஷத்தில் வலது பக்கம் மரத்தது, இடது பக்கம் அப்படியே வலித்தது. குழாயைக் கொஞ்சம் இழுத்துச் சரிசெய்த பிறகுதான் இரண்டு பக்கமும் அடங்கியது. உடம்பெல்லாம் அரிப்பு, பல் கிட்டுகிற நடுக்கம். சிறுநீர் போகத் தெரியாததால் ட்யூப். பிரஷர் இறங்கும் என்பதால் அடிக்கடி பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் முக்கச் சொன்னபோது எங்கே முக்குவது என்றே பிடிபடவில்லை, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சிலருக்குக் காய்ச்சல் வரும். நூற்றில் ஒருவர் அளவுக்கு, எழுந்து உட்கார முடியாத தலைவலி வரலாம். அதற்கு அவரவர் ரத்தத்தையே எடுத்து அதே இடத்தில் செலுத்தி அடைக்கிற வைத்தியம் இருக்கிறது. நரம்பு பாதிப்பு மிக மிக அபூர்வம், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், பிளேட்லெட் குறைந்தவர்கள் போன்ற சிலருக்குப் போடவே முடியாது. பில்லில் இதற்கு மட்டும் தனியாகப் பன்னிரண்டாயிரம் ரூபாய்.

இவ்வளவுக்கும் நடுவில் நான் இரண்டு மணி நேரம் தூங்கினேன். பிரசவ அறையில், தூக்கம்! முதல் பிரசவத்தில் என் இடுப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கை வீங்கிப்போன அம்மாவுக்கு இந்தத் தடவை வேலையே இல்லை, அவரும் நாற்காலியில் வாய் பிளந்து தூங்கினார். பாப்பாவை நெஞ்சில் போட்டபோது அவள் முகத்தைப் பார்க்கிற நிதானம் எனக்கு இருந்தது. பெரியவன் பிறந்த நிமிஷம் எனக்கு ஞாபகமே இல்லை, "எல்லாம் முடிஞ்சுதா" என்று கேட்டது மட்டும்தான் ஞாபகம். பிரசவ வலி பட்டால்தான் பாசம் வரும் என்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன், அப்படியானால் அப்பாக்களுக்கு எப்படி வருகிறது? அப்புறம், அம்மா ஊரில் எல்லோரிடமும் சுகப்பிரசவம் என்று மட்டும்தான் சொன்னார். ஊசியைப் பற்றி மூச்சு விடவில்லை.

வலிச்சுத்தான் பெறணும் என்கிற இந்தப் புத்தி நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. 1847-ல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் என்ற டாக்டர் பிரசவத்துக்கு குளோரோஃபார்ம் கொடுக்க ஆரம்பித்தபோது, வேதனையோடு பெற வேண்டும் என்று பைபிளிலேயே இருக்கிறதே என்று எதிர்ப்பு வந்தது. 1853-ல் விக்டோரியா ராணி தன் எட்டாவது பிள்ளைக்கு அதை முகர்ந்த பிறகு பேச்சு கொஞ்சம் அடங்கியது. யோசித்துப் பாருங்கள், பாதி உலகத்தை ஆண்ட அம்மாவுக்கே எட்டாவது பிரசவத்தில்தான் கொடுத்துவைத்திருக்கிறது.

நான் எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண், படித்தவள், எல்லாம் தெரிந்துகொண்டே வேண்டாம் என்றாள். நடந்தாள், வெந்நீரில் குளித்தாள், கணவன் முதுகை நீவிவிட்டான், பெற்றாள், அந்த வலியைப் பற்றி இன்றும் ஒரு மலையேறி வந்தவள் மாதிரிப் பேசுகிறாள். அவளிடம் போய் "இந்தக் காலத்துல எதுக்கு இந்த வீம்பு" என்று கேட்டவர்களும் இருக்கிறார்கள். அதுவும் அதே அதிகப்பிரசங்கித்தனம்தான். உலக சுகாதார அமைப்பு 2018-ல் கொடுத்த வழிகாட்டுதலிலும் எபிடியூரல், பெத்திடின் மாதிரி வலி குறைக்கிற ஊசிகள், மூச்சுப் பயிற்சி, நீவிவிடுவது எல்லாம் இருக்கிறது, எதுவானாலும் அந்தப் பெண்ணின் விருப்பப்படி என்றுதான் இருக்கிறது. (பெத்திடின் குழந்தைக்கும் போகும், பிறக்கிற நேரத்துக்குப் பக்கத்தில் போட்டால் குழந்தை மந்தமாக இருக்கலாம். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.)

உங்களுக்கெல்லாம் பன்னிரண்டாயிரம் கொடுத்துத் தூங்க வசதி இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் என்ன செய்வாள் என்று யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கே இருக்கிற மயக்க மருத்துவர் சிசேரியன்களுக்கே ஓடிக்கொண்டிருக்கிறார், வலி குறைக்க அவரை உட்கார வைப்பது பெரும்பாலும் முடியாது. ஆனால் பிரசவ அறையில் கூட ஒரு பெண் துணை இருக்கத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அனுமதி உண்டு, அது நிறைய பேருக்குத் தெரிவதில்லை. எங்கள் ஊர் மலைக்கோட்டையில் இருக்கிற சாமி கதையே அதுதானே. காவிரியில் வெள்ளம், தாயால் ஆற்றைத் தாண்டி வர முடியவில்லை, பிரசவ வலியில் கிடந்த மகளுக்கு அம்மா உருவத்தில் சிவனே வந்து பார்த்துக்கொண்டாராம். அதனால்தான் தாயுமானவர், அதனால்தான் சுகப்பிரசவம் வேண்டி அவருக்கு வாழைத்தார். சாமியே வலியில் கிடப்பவளிடம் "பொறுத்துக்கோ" என்று வசனம் பேசாமல் வந்து கூட இருந்திருக்கிறது. காசு செலவில்லாத வலி மருந்து அது. அதையும் கொடுக்காமல் கத்தினால் திட்டுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே அவளுக்குப் போன் பண்ணினேன். போடு, போடாதே என்று எதுவும் சொல்லவில்லை. வலி வந்த பிறகு யோசிக்க முடியாது, இப்போதே போய்க் கேள் என்றேன். மயக்க டாக்டர் இருபத்திநாலு மணி நேரமும் அங்கேயே இருக்கிறாரா, கூப்பிட்டால்தான் வருவாரா, ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் எவ்வளவு நேரம் ஆகும், மாதத்தில் எத்தனை பேருக்குப் போடுகிறார்கள், கையெழுத்து என்னிடம் வாங்குவீர்களா, என் வீட்டுக்காரரிடமா. வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டு அங்கே போய் மனசு மாறினால் மாறலாமா. மாப்பிள்ளையையும் கூடக் கூட்டிக்கொண்டு போ, அவர் காதிலும் விழட்டும் என்றேன்.

நேற்று கூப்பிட்டாள். மயக்க டாக்டர் பகலில் மட்டும்தான் இருப்பாராம், ராத்திரி என்றால் தஞ்சாவூரிலிருந்து வர வேண்டுமாம். "அப்ப பகல்லயே வலி வரச் சொல்லி வேண்டிக்கணும்" என்று சிரித்தாள். இன்னும் முடிவு பண்ணவில்லையாம். மாப்பிள்ளை மட்டும் வேறு ஆஸ்பத்திரி இரண்டு பார்த்து வைத்திருக்கிறாராம். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.