ஆமாம், சம்பளத்துக்குத்தான் போனான்

ஞாயிற்றுக்கிழமை அந்த மேடையில் பேசப்பட்டதை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்களுக்காக அந்த வீடியோவை மறுபடியும் பகிர எனக்கு மனம் வரவில்லை, பேசியவர் சொன்னது இதுதான். "படிப்பு ஏறாதவனும் வேறு வேலை கிடைக்காதவனும்தான் பட்டாளத்துக்குப் போகிறான். சம்பளத்துக்குப் போகிறவனை எதற்குத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள்?" அரங்கம் கைதட்டியது. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாவும் கைதட்டினார். எழுந்து வெளியே போகவும் முடியாமல், உட்கார்ந்திருக்கவும் முடியாமல், கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி கூட்டம் முடியும்வரை இருந்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையிலிருந்து எதிர்த்தரப்பு கிளம்பிவிட்டது. தேசபக்தியைத் தவிர வேறு எதற்காகவும் எவனும் சீருடை போடுவதில்லையாம். சம்பளம் என்று பேசுவதே வீரர்களுக்குச் செய்யும் அவமானமாம். அதைப் படித்தபோது மேடைப் பேச்சைவிட அதிகமாக எனக்கு வலித்தது.

என் தம்பி சம்பளத்துக்குத்தான் போனான். 1997-இல், பதினெட்டு வயதில். இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை, பெருமையடித்துக்கொள்ளவும் இல்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்று ஒரு பையன் வேலைக்குப் போனான். அதில் எந்த இடத்தில் கேவலம் வந்தது?

படிப்பு ஏறாதவனா? பத்தாம் வகுப்பில் கணக்கில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவன். நான் இன்று பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறேன், அவன் நடத்தவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். பாலாற்றில் தண்ணீர் நின்றுபோன பிறகு அப்பா கிணற்றை ஆழப்படுத்தக் கடன் வாங்கினார். கிணற்றிலும் ஊறவில்லை, வட்டி மட்டும் ஊறியது. நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. இருவரில் ஒருவர் படிப்பை நிறுத்த வேண்டும் என்ற பேச்சு வந்தது. அவன் எதுவும் சொல்லாமல் ராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போய் வரிசையில் நின்றான். விடிய விடிய மைதானத்துக்கு வெளியே ரோட்டோரம் படுத்திருந்து, காலையில் ஓடி, மார்பளவு கொடுத்துவிட்டு வந்து, "எடுத்துக்கொண்டார்கள் அக்கா" என்றான். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை.

மாதம் பிறந்தால் மணியார்டர் வரும். அந்தப் படிவத்தின் அடியில் செய்தி எழுதக் கொஞ்சம் இடம் இருக்கும் அல்லவா, கிழித்துக் கொடுப்பார்களே, அதில் அவன் பொடிப்பொடியாக எழுதியிருப்பான். "வட்டியை முதலில் கட்டவும். அக்காவின் பி.எட். கட்டணத்துக்கு அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். இங்கே குளிர் பரவாயில்லை." ஒவ்வொரு மாதமும் குளிர் பரவாயில்லை என்றுதான் எழுதினான். அந்தச் சீட்டுகளில் பதினொன்று இன்னும் என்னிடம் இருக்கின்றன. நீலமாக இருந்த மை இப்போது பழுப்பாகிவிட்டது. அந்த மேடையில் பேசியவர் "சம்பளம்" என்ற சொல்லை உதட்டைச் சுழித்துக்கொண்டு சொன்னபோது எனக்கு அந்தச் சீட்டுகள்தான் நினைவுக்கு வந்தன. என்னுடைய பட்டம், என்னுடைய வேலை, என் கல்யாணம் எல்லாமே அந்தச் சம்பளம்தான் ஐயா.

அப்பா இறந்தபோது அவன் ஜம்முவில் இருந்தான். தந்தி போய், விடுப்பு கிடைத்து, ரயிலேறி, சென்னையில் இறங்கி, காட்பாடிக்கு வண்டி மாறி அவன் வீடு வந்து சேர்ந்தது நான்காம் நாள். பெரியப்பா மகன் கொள்ளி வைத்து முடிந்திருந்தது. வெள்ளைப் பெயின்டில் எண்ணும் பெயரும் எழுதிய கறுப்பு இரும்புப் பெட்டியை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான். வெகுநேரம் வீட்டுக்குள் வரவில்லை. இதற்கும் சேர்த்துத்தான் அந்தச் சம்பளம் என்று யாராவது சொன்னால், எந்தச் சம்பளப் பட்டியலில் இதற்கு ஒரு வரி இருக்கிறது என்று காட்டுங்கள்.

"வேறு வேலையே இல்லையா, கம்பெனிகள் இல்லையா?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் தோல் தொழிற்சாலைகளும் ஷூ கம்பெனிகளும் இருக்கின்றன. ஒப்பந்தம் முடிந்ததும் வெளியே அனுப்பிவிட்டு, மறுபடி புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். பத்து வருடம் வேலை பார்த்தவனும் புதியவன்தான். என் தம்பி போன காலத்தில் பட்டாளத்தில் பதினைந்து வருடம் முடித்தால் ஓய்வூதியம், குடும்பத்துக்கு ராணுவ மருத்துவமனை, கேன்டீன் அட்டை. ஒரு ஏழை வீடு இந்தக் கணக்கைப் போடக் கூடாதா? நீங்கள் உங்கள் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எவ்வளவு சம்பளம் என்று கணக்குப் போடவில்லையா?

சம்பளம் மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை. மரியாதை என்ற ஒன்று இருக்கிறது. சீருடையில் ஊருக்குள் வந்தவனிடம் மட்டும் நீட்டப்பட்ட டீ கிளாஸ் வேறாக இருந்ததை எங்கள் ஊரில் நான் பார்த்திருக்கிறேன். முதல் நாள்வரை அவனுக்கு எந்த கிளாஸ் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இது நேற்று வந்த விஷயமும் இல்லை. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார், ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். மற்ற கதவுகள் எல்லாம் சாத்தியிருந்த காலத்தில் எழுத்தறிவும் மரியாதையும் அந்த வீட்டுக்குள் வந்த வழிகளில் பட்டாளமும் ஒன்று. பிறகு சில சாதிகளை மட்டும் 'போர் இனம்' என்று வகை பிரித்த வெள்ளைக்காரன், அம்பேத்கர் பிறந்த மகர் சாதிக்கு அந்தக் கதவையும் அடைத்தான். எங்கள் வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர்விட்டார்கள் என்று அதில் இருக்கிறது. அந்த 277 பேரும் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் மீதிருந்த பக்தியிலா கப்பல் ஏறினார்கள்? வேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறோம். அப்பா, சித்தப்பா, மாமா என்று வரிசையாகப் போன ஊரில், அந்த இரும்புப் பெட்டியின்மேல் ஏறி விளையாடி வளர்ந்த பிள்ளைக்கு அது இன்னொரு உலகம் இல்லை, வீட்டுத் தொழில்.

"அப்படியானால் ராணுவம் செய்வதையெல்லாம் ஆதரிக்கிறீர்களா? அமைதிப்படையை மறந்துவிட்டீர்களா?" என்று கேட்பீர்கள் என்று தெரியும். மறக்கவில்லை. 1987-இல் ஈழத்துக்குப் போன இந்தியப் படை அங்கே செய்ததைத் தமிழில் படிக்கத் தெரிந்த எவரும் மறக்க முடியாது. அதைப் பேசுங்கள், பேசத்தான் வேண்டும். அனுப்பியவர்களைக் கேளுங்கள், செய்தவர்களைக் கேளுங்கள். இன்னும் எங்கும் போகாமல், கையில் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு வரிசையில் நிற்கும் பையனைப் பார்த்து 'மக்கு' என்று சொல்லிச் சிரிக்காதீர்கள். இந்தப் பதில் போதாது என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் என்னால் இதற்குமேல் அந்தப் பையனை விட்டுக்கொடுக்க முடியாது.

இனி தேசபக்தர்களுக்கு வருகிறேன். பக்தி ஒன்றுதான் காரணம் என்கிறீர்கள். 2022 ஜூனில் அக்னிபத் என்ற புதிய ராணுவ ஆள்சேர்ப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டதும் பீகாரில் ரயில்கள் ஏன் எரிந்தன? ரயிலை எரித்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் கொதிப்பு எங்கிருந்து வந்தது? கொரோனாவால் இரண்டு வருடம் ஆள்சேர்ப்பு ஏறக்குறைய நின்றுபோய், ஓடி ஓடிக் காத்திருந்தவர்களுக்கு வயது கடந்துகொண்டிருந்தது. அப்போது நான்கே வருடம், அதன்பின் நூற்றில் 25 பேர் வரைதான் தொடரலாம், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். முதல் வருடம் 30,000 சம்பளம், கையில் வருவது 21,000. முடிவில் வட்டியோடு 11.71 லட்சம். ஓய்வூதியம் கிடையாது. நாட்டுக்காக மட்டும் போகிறவனுக்கு நான்கு வருடமும் ஒன்றுதான், பதினேழு வருடமும் ஒன்றுதான். அவன் கொதித்தான் என்றால், அவன் வீட்டில் ஒரு அக்காவும் ஒரு கடனும் இருக்கின்றன என்று பொருள். அவனைத் தெய்வமாக்கிவிட்டால் அவன் கூலி கேட்க முடியாது. தெய்வத்துக்கு எதற்கு ஓய்வூதியம்?

என் தம்பிக்கு நாட்டின்மேல் அன்பு இல்லையா என்று கேட்டால், அவன் வீட்டுக்குள் வந்து பாருங்கள். ஜனவரி 26 காலையில் டெல்லி அணிவகுப்பை டி.வி.யில் பார்க்கும்போது அவன் நாற்காலியில் உட்கார மாட்டான். அந்த அன்பு அங்கே போய் வந்தது. கூட இருந்தவர்களோடு சேர்ந்து வந்தது. ஆசிரியர் வேலைக்கு நான் சம்பளத்துக்குத்தான் வந்தேன், பிள்ளைகள்மேல் பாசம் பிறகு வந்தது. என் பாசம் பொய்யா? டாக்டரும் தீயணைப்பு வீரரும் சம்பளம் வாங்குகிறார்கள். அவர்களை யாரும் மேடை ஏறி இப்படிக் கேட்பதில்லையே.

2014-இல் அவன் ஊர் திரும்பினான். இப்போது சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவல். முந்தாநாள் போன் செய்தேன். அவனும் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறான். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலேயே யாரோ போட்டிருந்தார்களாம். "விடு அக்கா, ட்யூட்டிக்கு நேரமாகிவிட்டது" என்று வைத்துவிட்டான். அவனுக்குக் கோபம் வராதது எனக்கு ஆறுதலாக இல்லை.

எங்கள் பள்ளி மைதானத்தில் தினமும் காலை ஐந்து மணிக்கு ஏழெட்டுப் பையன்கள் ஓடுகிறார்கள். ராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் ஓட்டத்துக்கு முழு மதிப்பெண். ஒருவன் செருப்பில்லாமல் ஓடுகிறான், இன்னொருவன் செல்போனில் நேரம் பார்த்துக் கத்துகிறான். ஓட்டத்தில் தேறிவிடுவார்கள். இப்போது எழுத்துத் தேர்வுதான் முதலில் வருகிறது, பாதிப் பேர் கணக்கில் விழுந்துவிடுகிறார்கள். தம்பிகளே, இதை உங்களில் யாராவது படித்தால், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு என் வீட்டுக்கு வாருங்கள். சதவீதமும் விகிதமும் முதலில் பார்ப்போம். நோட்டு மட்டும் கொண்டுவந்தால் போதும்.