கேள்வி ஒன்று, கோபம் இரண்டு

பிக் பாஸ் வீட்டிலிருந்து வெளியே வருகிறவர்களை இருத்திவைத்து யூரியூப் சேனல்கள் கேட்கிற கேள்விகளைப் பற்றிக் கொஞ்ச நாளாக இங்கே சண்டை நடக்கிறது. ஒரு பெண்ணிடம் உடம்பைப் பற்றியும், உடுப்பைப் பற்றியும், உள்ளே யாரோடு ஒட்டித் திரிந்தாய் என்றும் கேட்டது அநியாயம் என்று ஒரு பக்கம் கொதிக்கிறது. கொதிக்கிறவர்களில் சிலருடைய பழைய பதிவுகளை இறக்கிப் பார்த்தேன். அதே கேள்வியைத் தங்களுக்குப் பிடிக்காத போட்டியாளரிடம் கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள்.

2019 இல் மூன்றாவது சீசன் ஓடியபோது கிளிநொச்சிப் பக்கம் இருந்தவர்களுக்கு இது புதினமில்லை. இலங்கையின் சக்தி ரீவியில் செய்தி வாசித்த லொஸ்லியா உள்ளே போனதும் எல்லாருக்கும் அவர் 'எங்கட பிள்ளை'. சென்னையில் யாராவது இளக்காரமாக ஒரு வரி எழுதினால் பரந்தனிலிருந்து பதில் பறக்கும். அப்புறம் அவர் உள்ளே இருந்த இன்னொரு போட்டியாளரான கவினோடு நெருங்கிப் பழகத் தொடங்கினார். கனடாவிலிருந்து அப்பா வந்து கமராவுக்கு முன்னால் மகளைக் கண்டித்த கிழமை, நான் முடி வெட்டுகிற சலூனில் இருந்த ஆம்பிளைகள் எல்லாரும் வளர்ப்பைப் பற்றி வகுப்பெடுத்தார்கள். கழுத்தில் துணி கட்டியபடி ஓர் அண்ணை கண்ணாடிக்குள்ளால் எங்களைப் பார்த்து, "பொம்பிளைப் பிள்ளை எண்டால் ஒரு அடக்கம் வேணும்" என்றார். அதற்கு முதல் மாதம்தான் அந்தப் பிள்ளைக்காக விடிய விடியக் கொமென்றில் மல்லுக்கட்டியவர் அவர். கவினின் வளர்ப்பைப் பற்றி அங்கே ஒரு சொல் வரவில்லை.

அதே சீசனில்தான் நடிகர் சரவணன், கல்லூரிக் காலத்தில் பெண்களை உரசுவதற்காகப் பஸ்ஸில் போனதாகக் கமல்ஹாசனுக்கு முன்னாலேயே சொன்னார். அரங்கத்தில் கைதட்டல்! பாடகி சின்மயி போன்றவர்கள் கேள்வி கேட்ட பிறகு மன்னிப்பு வந்தது, ஓகஸ்ட் தொடக்கத்தில் அந்தப் பேச்சையே காரணம் காட்டி அவரை வெளியே அனுப்பினார்கள். சரி, கைதட்டியவர்கள்? முல்லைத்தீவுக்குப் போகிற காலை பஸ்ஸில் புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளைக் கண்டவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அவர்களும் வீட்டில் இருந்து அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஆண்களிடம் கேட்பதில்லையா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கேட்கிறார்கள். சேட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லித் தொகுப்பாளினி கேட்பதும் கேவலம்தான், அதற்கு இதயக்குறி போடுவதும் கேவலம்தான். ஆனால் அந்தப் பெடியனுக்கு நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது யாரும் அந்த வீடியோவைத் தூக்கிக்கொண்டு வரப்போவதில்லை. பெண்ணுக்கு வரும்.

சரி, இதெல்லாம் சென்னைக் கூத்து என்றால், எங்கள் ஊரில் எடுக்கிற பேட்டிகளை என்னவென்று சொல்வது? வெளிநாட்டுக் காசில் உலர் உணவுப் பொதி கொண்டுபோகிறவர்களின் வீடியோக்களைச் சொல்கிறேன். மாங்குளத்துக்கு உள்ளே ஒரு வீடு. பிளாஸ்ரிக் கதிரையில் அக்கா, காலடியில் பொதி, பெயர் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்திருக்கிறார்கள். "அவர் காணாமல் போய் எத்தனை வருசம்? ஏன் வேற கலியாணம் செய்யேல்லை? இரவில தனியவோ படுக்கிறனீங்கள்?" அக்கா வாசலில் நிற்கிற மகளைப் பார்க்கிறார், சீலைத் தலைப்பை இழுத்துவிடுகிறார், பதில் சொல்கிறார். கீழே "தம்பி, நீங்கள் கடவுள்" என்று நூற்றுக்கணக்கில் கொமென்ற். அதற்குள் எனக்குத் தெரிந்த பெயர்களும் இருந்தன, போன மாதம் பிக் பாஸ் பேட்டிக்குக் கொதித்த பெயர்கள். 2025 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் இப்படி உதவி வீடியோ எடுக்கப் போன இடத்தில் தரக்குறைவாகப் பேசிய யூரியூபர் ஒருவர் கைதானபோதும், "உதவி செய்தவன்தானே" என்று வக்காலத்து வாங்கியவர்கள் என் நட்புப் பட்டியலில் இருந்தார்கள்.

"தெரிஞ்சுதானே போனவை, காசும் வாங்கினவை" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். பிக் பாஸுக்குப் போனவருக்குச் சம்பளம் கிடைக்கிறது, பேட்டி பிடிக்காவிட்டால் மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு எழும்பலாம். அந்த அக்காவால் பொதி கைக்கு வரும்வரை எழும்ப முடியாது. அவரிடம் கேட்டதற்கு வராத கோபம் லொஸ்லியாவுக்காக வருகிறது என்றால், அது அந்தப் பிள்ளை மேல் உள்ள அக்கறை இல்லை. எங்கள் ஊர்ப் பெயருக்கு வந்த ரோசம், அவ்வளவுதான்.

அந்த மாங்குளம் வீடியோ இன்னும் அப்படியே கிடக்கிறது. ரிப்போர்ட் அடித்தும் இறங்கவில்லை. லிங்க் கேட்டு உள்பெட்டிக்கு வராதீர்கள், தரமாட்டேன்.