தோத்த போருக்கு எதுக்கு நினைவுச்சின்னம் என்று கேட்டவர்களுக்கு

லடாக்கின் சுஷூலில் எடுத்த ரீலை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 1962 இந்திய-சீனப் போரில் செத்தவர்களுக்கான ரெசாங் லா நினைவிடத்தின் மேடையில் இளசுகள் ஏறி நின்று போஸ் கொடுத்ததைக்கூட விட்டுவிடலாம், வயசு அப்படி. கீழே கமெண்ட்டில் ஒருவர் வந்து "தோத்த போருக்கெல்லாம் எதுக்குய்யா நினைவுச்சின்னம்" என்று கேட்டாரே, அதற்கு விழுந்த சிரிப்பு எமோஜிகளைத்தான் தாங்க முடியவில்லை.

அது போருக்கு வைத்த கல் இல்லை. ரெசாங் லா கணவாயில் செத்த 114 பேருக்கு வைத்த கல். இந்திய ராணுவத்தின் 13-வது குமாவுன் பட்டாலியன், தன் படைப்பிரிவுகளில் ஒன்றான சார்லி கம்பெனிக்காகத் தானே எழுப்பியது. 2021-ல் புதுப்பித்துத் திறந்தார்கள்.

அந்த ஜவான்களில் பெரும்பாலோர் ரேவாரி, மகேந்திரகர், குர்காவ் பக்கத்துக் கிராமங்களைச் சேர்ந்த அஹிர் சாதிக்காரர்கள். இன்றைய ஹரியானா. 1962-ல் அது பஞ்சாப். ஹரியானா என்று ஒரு மாநிலமே 1966-ல்தான் வந்தது. கோடையில் லூ என்கிற அனல்காற்று அடிக்கும் சமவெளியில் வளர்ந்தவர்களை 16,000 அடிக்கு மேலே, மரம் செடி இல்லாத கணவாயில் நிறுத்தினார்கள். மரமே இல்லாத இடத்தில் பதுங்குகுழிக்கு மேலே கூரை போடக் கட்டைக்கு எங்கே போவது?

கையில் .303 ரைஃபிள். ஒரு குண்டு சுட்டதும் போல்ட்டைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்கினால்தான் அடுத்தது ஏறும். பத்து குண்டு தீர்ந்தால் ஐந்தைந்தாக இரண்டு கிளிப் திணிக்க வேண்டும். கனத்த கையுறையோடு டிரிக்கர் வளையத்துக்குள் விரல் நுழையாது. கழற்றினால் உறைந்த இரும்பில் தோல் ஒட்டிக்கொள்ளும். எதிரே வந்தவர்களிடம் தானியங்கித் துப்பாக்கிகள்.

பீரங்கி இல்லையா என்று கேட்பீர்கள். சுஷூல் பக்கம் இருந்தது. ஆனால் நடுவே மலைமுகடு. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று எறிகிற கல், அந்தப் பக்கம் சுவரை ஒட்டி நிற்பவன்மேல் விழுமா? அதே கணக்குதான். முகட்டைத் தாண்டும்படி சுட்டால் குண்டு இலக்கையும் தாண்டிப் போய்விடும். நவம்பர் 18 விடியற்காலையில் தாக்குதல் தொடங்கியபோது அந்தக் கம்பெனிக்குப் பின்னாலிருந்து ஒரு பீரங்கிக் குண்டு உதவிகூடக் கிடைக்கவில்லை. இத்தனையும் தெரிந்துதான் அங்கே நிறுத்தினார்கள். இதில் தோற்றது யார்? அந்த ஜவானா?

சாதிப் பெருமை பேசுகிறாய் என்று ஒருவர் இன்பாக்ஸில் வருவார், தெரியும். தலைமை தாங்கிய மேஜர் ஷைத்தான் சிங் ஜோத்பூர்க்காரர், ராஜபுத்திரர். இறந்த பிறகு பரம்வீர் சக்ரா கொடுக்கப்பட்டவர். கல்லில் இருப்பது பட்டாலியனின் பெயர். போதுமா?

எதிரி எத்தனை பேர் செத்தான் என்று சுற்றுகிற கணக்கில் எனக்கும் நம்பிக்கை கிடையாது. அந்த ஆட்சேபணை நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன். போரைக் கொண்டாடக் கூடாது என்பதும் சரி. ஆனால் செத்தவன் பெயரைப் படிப்பது கொண்டாட்டமா? பதில் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட கேள்வி புதிதும் இல்லை. உயிரோடு திரும்பிய சிலர் அங்கே நடந்ததைச் சொன்னபோது அவர்களையே நம்பவில்லை. கம்பெனி ஓடிப்போயிருக்கும் என்று சந்தேகப்பட்டார்கள். 1963 பிப்ரவரியில் மேய்ப்பர் ஒருவர் அந்தப் பக்கம் போன பிறகுதான் உண்மை தெரிந்தது. குழிகளுக்குள்ளேயே உறைந்து கிடந்தார்கள், ஆயுதத்தைப் பிடித்த கை பிடித்தபடியே. நர்சிங் அசிஸ்டெண்ட் தரம்பால் தஹியாவின் கையில் சிரிஞ்சும் பேண்டேஜும் இருந்தன. முதுகில் குண்டு வாங்கிச் செத்தவர்கள் இப்படியா கிடப்பார்கள்?

சுஷூலிலேயே தகனம் செய்தார்கள். ஊருக்குப் போனது மேஜரின் உடல். மற்ற ஜவான்களுக்கு அந்த மண்தான். ரேவாரியிலிருந்து ஒரு பேரன் லே வரை வந்து, உயரம் பழக இரண்டு நாள் படுத்துக் கிடந்து, அதற்குப் பிறகு சுஷூல் வரை வந்தால்தான் தாத்தா எரிந்த இடத்தைப் பார்க்க முடியும்.

அந்தக் கமெண்ட்டுக்குச் சிரித்தவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். இன்று ராத்திரிக்குள் அந்தச் சிரிப்பை எடுத்துவிடுங்கள்.