மழைச் சத்தம் கேட்காமல் ‘த்வீபா’வைத் திரையிடாதீர்கள்

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள், நெருங்கினால் திரைப்படச் சங்கங்களில் சுற்றுச்சூழல் படம் தேடும் வேலை ஆரம்பித்துவிடும். கன்னடப் படம் ஒன்று போடலாம் என்று முடிவானால் முதலில் தேசிய விருதுப் பட்டியலைத்தான் புரட்டுவார்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பிரிவில் பி. சேஷாத்ரியின் ‘பெட்டத ஜீவ’ இருக்கிறது, பிரவீண் கிருபாகரின் ‘தலெதண்ட’ இருக்கிறது. இரண்டும் பார்க்க வேண்டிய படங்கள்தான். ஆனால் ஒரு படத்துக்குத்தான் இடம் என்றால் கிரீஷ் காசரவள்ளியின் ‘த்வீபா’வைப் போடுங்கள். 2001ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படம், சிறந்த ஒளிப்பதிவு இரண்டும் அதற்குத்தான். ‘சுற்றுச்சூழல்’ என்று முத்திரை விழாததால் இந்த மாதிரித் தேடலில் கண்ணில் படாமலே போகிறது.

த்வீபா என்றால் தீவு. அணை கட்டுகிறார்கள், ஆற்று நீர் ஏறுகிறது, சீதாபர்வதம் என்ற மலை மெல்லத் தீவாகிறது. மற்றவர்கள் கிடைத்த பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட, ஒரு வீடு மட்டும் நிற்கிறது: கோயிலை விட்டு வர மனமில்லாத கிழவர் துக்கஜ்ஜா, மகன் கணபா, மருமகள் நாகி. நாகியாக நடித்த சௌந்தர்யாதான் தயாரிப்பாளரும். மூலநாவல் நா. டிசோசாவுடையது. அவர் பொதுப்பணித் துறையில் இருந்தவர், கர்நாடகத்தின் ஷராவதி ஆற்று அணைத் திட்டத்தை உள்ளிருந்து பார்த்தவர். படத்தில் வரும் அதிகாரிகள் கொடூரர்களாக இல்லாமல், படிவத்தை நிரப்பிக்கொண்டு நகரும் சாதாரண மனிதர்களாக இருப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த அணையின் அளவு தெரிந்தால்தான் படத்தின் பாரம் புரியும். சிவமொக்கா மாவட்டம் சாகர வட்டத்தில் ஷராவதியின் குறுக்கே 1964இல் எழுந்த லிங்கனமக்கி அணையின் கொள்ளளவு 151 டிஎம்சிக்கு மேல். மேட்டூர் முழுதாக நிரம்பினாலே 93 டிஎம்சிதான். கீழே ஷராவதி மின் நிலையத்தில் 103.5 மெகாவாட் இயந்திரங்கள் பத்து, மொத்தம் 1,035 மெகாவாட். அந்த மின்சாரத்தில் நகரங்கள் வெளிச்சமாயின, தொழிற்சாலைகள் ஓடின. நீருக்கடியில் போன ஊர்க்காரர்களுக்குக் காட்டு நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்த நிலத்துக்கு உரிமைப் பத்திரம் கேட்டு அவர்கள் பிள்ளைகள் இன்னும் அலைகிறார்கள்.

இனி திரையிடல். இந்தப் படத்தில் மழையும் ஏறும் நீரும்தான் கதையை நகர்த்துகின்றன. வசனம் குறைவு, இருட்டு அதிகம். படத்தைக் கெடுப்பதும் இந்த மழைதான் என்பதைப் பல சங்கங்கள் கவனிப்பதில்லை. டிஜிட்டல் கோப்பைச் சுருக்கும்போது, ஒரு ஃப்ரேமிலிருந்து அடுத்த ஃப்ரேமுக்கு மாறாத பகுதிகளைத் திரும்ப எழுதாமல் விடுவதில்தான் இடம் மிச்சமாகிறது. மழையில் மாறாத பகுதி என்று எதுவுமே இல்லை. அதனால் குறைந்த பிட்ரேட்டில் (நொடிக்கு ஒதுக்கும் தரவின் அளவு) சுருக்கிய இணையப் பிரதியில் மழைக்காட்சி வந்ததும் திரை சதுரம் சதுரமாக உடையும், பின்னால் இருக்கும் காடு பச்சைக் குழம்பாகிவிடும். உங்களிடம் வரும் கோப்பில் முதலில் பார்க்க வேண்டியது இரவு மழைக்காட்சி ஒன்றை. அது தாங்கினால் மற்றதெல்லாம் தாங்கும்.

பழைய டிவிடி என்றால் இன்னும் இரண்டு சோதனை. நகரும் பொருளின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடு தெரிந்தால் அது ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று பிரித்து வைத்த இன்டர்லேஸ் பிரதி, பிளேயரில் அதைச் சரிசெய்யும் டீஇன்டர்லேஸை இயக்க வேண்டும். ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் வந்ததா என்றும் பாருங்கள். நொடிக்கு 24 ஃப்ரேம் எடுத்ததை அதில் 25ஆக ஓட்டுவார்கள், 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். குரல்களும் சற்றே கீச்சென்று ஏறும். பிளேயரின் வேகத்தை 0.96 ஆக்கினால் நேரம் சரியாகும். ஆனால் சுருதியைச் சரிசெய்யும் வசதியையும் அணைத்தால்தான் குரல் பழைய கனத்துக்குத் திரும்பும்.

புரொஜெக்டர் விஷயத்தில், அது வீசும் ஒளியைச் சொல்லும் லூமென் எண்ணுக்குப் பின்னால் ஓடவேண்டாம். பத்தடி அகலத் திரையில் 16:9 படம் சுமார் 56 சதுர அடி. திரையரங்குத் தரமான 14 ஃபுட்-லாம்பர்ட் (திரையிலிருந்து திரும்பி வரும் ஒளியின் அளவு) வெளிச்சத்துக்குச் சாதாரண வெள்ளைத் திரையில் 800 லூமென் போதும். பெட்டியில் 3,000 என்று போட்டிருப்பது மிகப் பளிச்சென்ற மோடில் கிடைக்கும் கணக்கு. சினிமா மோடுக்கு மாற்றினால் ஏறக்குறைய பாதியாகும், அப்போதும் மிச்சம் இருக்கிறது. உண்மையான எதிரி, ஜன்னலிலிருந்து கசியும் வெளிச்சம். எவ்வளவு சக்தியான புரொஜெக்டராலும் கறுப்பைத் திரையில் வீச முடியாது. அறை எவ்வளவு இருட்டோ அவ்வளவுதான் கறுப்பு. ‘த்வீபா’வில் விளக்கொளியில் நடக்கும் காட்சிகள் பாதிக்கு மேல் காணாமல் போவது இதனால்தான். மாலை ஆறரைக்கு முன் ஆரம்பிக்காதீர்கள், மேல்ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடுங்கள்.

ஒலிதான் எனக்குப் பெரிய கவலை. நம் மண்டபங்களில் இருப்பது மேடைப் பேச்சுக்காகச் சரிசெய்த ஒலிபெருக்கி: பேச்சு தெளிய வேண்டும் என்று கீழ்ச் சத்தத்தையும் மேல்ச் சத்தத்தையும் வெட்டி வைத்திருப்பார்கள். அதில் மழை போட்டால் அப்பளம் பொரிகிற மாதிரி கேட்கும். மிக்சரில் கீழ், நடு, மேல்ச் சத்தத்துக்கான குமிழ்களை எல்லாம் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். மடிக்கணினியின் ஒலி அமைப்பில் ‘நாய்ஸ் ரிடக்ஷன்’, ‘வாய்ஸ் என்ஹான்ஸ்’ என்று ஏதாவது ஓடினால் அணையுங்கள். அதற்கு மழையும் இரைச்சலும் ஒன்று, துடைத்துவிடும். ஸ்பீக்கர்களைத் திரையின் இருபக்கமும், உட்கார்ந்திருப்பவரின் காதுக்குச் சற்று மேலே வையுங்கள். பிறகு கடைசி வரிசையில் ஒருவர் உட்கார்ந்து கேட்கட்டும். மின்விசிறிகளை முழுவேகத்தில் ஓடவிட்டு அந்தச் சோதனையைச் செய்யுங்கள், ஏனென்றால் மழையின் மெல்லிய பகுதியை விழுங்குவது மின்விசிறிதான். தகரக்கூரை அரங்கு என்றால் மழைக்காலத்தில் இந்தப் படம் வேண்டாம். வெளி மழைக்கும் திரை மழைக்கும் வித்தியாசம் தெரியாமல், நீர் எப்போது ஏறுகிறது, எப்போது நிற்கிறது என்ற பதற்றமே போய்விடும்.

தமிழ் சப்டைட்டில் போடுவதானால் ஆங்கில சப்டைட்டிலிலிருந்து பெயர்க்காமல், கன்னடம் தெரிந்த ஒருவரோடு உட்காருங்கள். கன்னடத்தில் ‘பரிஹார’ என்றால் இழப்பீட்டுத் தொகையும்கூட. அதே சொல்லை நம் காது கோயில் பரிகாரமாகக் கேட்கும். அரசு தரும் பணமும் தெய்வத்துக்குச் செய்யும் கடமையும் மோதிக்கொள்கிற கதையில் இந்தக் குழப்பம் சின்னதல்ல. மலைநாட்டில் சாதாரணமாகப் புழங்கும் ‘முளுகடெ’ என்ற சொல்லுக்கு ‘வெள்ளம்’ என்று போடாதீர்கள். வெள்ளம் வடிந்துவிடும், முளுகடெ வடியாது. ‘ஊர் முழுகியது’ என்பதே நெருக்கம். ஒரு நேரத்தில் இரண்டு வரி, வரிக்கு முப்பது எழுத்துக்கு மேல் வேண்டாம். கோப்பை யுடிஎஃப்-8இல் சேமித்து, நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி முழுமையான எழுத்துருவைப் பிளேயரில் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும், அல்லது வெறும் கட்டங்கள் வரும்.

அனுமதி பற்றிச் சுருக்கமாக. ‘டிக்கெட் இல்லை, அதனால் தப்பில்லை’ என்பது தவறான நம்பிக்கை. பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவு கல்வி நிறுவனத்துக்குள் மாணவர், ஆசிரியர், பெற்றோருக்குப் போடும் படத்துக்குத்தான் விலக்கு தருகிறது. அமெச்சூர் சங்கங்களுக்கான விலக்கு நாடகத்துக்கும் இசைக்கும் உண்டு, திரைப்படத்துக்கு இல்லை. உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கேட்கும்போதே நல்ல பிரதியும் கேளுங்கள், பல நேரம் அதுவும் கிடைக்கும்.

படத்துக்கு முன்னால் அரைமணி நேரம் பேசும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். ஒரு வரைபடம், அதில் ஷராவதி, ஜோக் அருவி, லிங்கனமக்கி. மூன்று நிமிடம் போதும். இதே சாகர வட்டத்தில் ஹெக்கோடு என்ற சிற்றூரில் கே.வி. சுப்பண்ணாவின் நீநாசம் என்ற நாடக, பண்பாட்டு அமைப்பு, 1970களில் கிராமத்து மக்களுக்கு உலக சினிமாவைக் காட்டியது. பார்வையாளருக்குப் புரியாது என்ற பயமே அந்த முயற்சியில் இல்லை. நமக்கும் வேண்டாம்.

முடிந்தபின் ‘படம் எப்படி இருந்தது’ என்று கேட்டால் ‘நன்றாக இருந்தது’ என்பதோடு கூட்டம் கலையும். இப்படிக் கேளுங்கள்: அந்த வீடு நிலைத்தது யாருடைய உழைப்பால், படத்துக்குள் இருப்பவர்கள் அதை யார் கணக்கில் எழுதினார்கள்? நாகியைப் பற்றிய இந்தக் கேள்வி தானாகவே அணையிடம் போகும், ஏனென்றால் அங்கேயும் கணக்கில் வராத உழைப்பும் கணக்கில் வராத இழப்பும்தான் இருக்கின்றன. பின் இன்றைய நிலையைச் சொல்லுங்கள். அணை வந்து 61 ஆண்டுகள் கழித்து, 2025 ஜூலையில்தான் சிகந்தூர்ப் பக்கத்து மக்களுக்குப் பின்னீரின் மேல் பாலம் திறந்தது. அதுவரை படகுதான், மகப்பேறுக்கும் மரணத்துக்கும். அதே பள்ளத்தாக்கில், சோலைமந்திகளுக்கான சரணாலயத்துக்குள், 2,000 மெகாவாட் நீரேற்று மின் திட்டம் (கீழ்த் தேக்கத்து நீரை மேல் தேக்கத்துக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது) முன்வைக்கப்பட்டிருக்கிறது. சூழலியலாளர்களும் உள்ளூர் மக்களும் எதிர்க்கிறார்கள். அந்த வரைபடத்தையே மறுபடி திரையில் போட்டு, தளகளலே, கேருசொப்பே என்ற இரண்டு நீர்த்தேக்கங்களுக்கும் நடுவே விரல் வைத்துக் காட்டுங்கள். கேள்விகள் அங்கிருந்து வரட்டும்.