சிறுநீரகத்திலும் வரும்

தம் அத்தையின் சிறுநீரகக் கட்டியைத் 'தனித்த நார்க்கட்டி' (உறுப்புகளைத் தாங்கும் இணைப்புத் திசுவில் தோன்றும் அரிய கட்டி) எனக் குறித்த ஆய்வக அறிக்கை தவறு, அது நுரையீரல் உறையில் மட்டுமே வரும் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருப்பது சரியல்ல. 1931இல் கிளெம்பெரர், ராபின் என்னும் மருத்துவர்கள் நுரையீரல் உறையில் கண்டதையே விவரித்ததால் அந்த எண்ணம் நெடுங்காலம் நிலைத்தது. ஆனால் இணைப்புத் திசு இல்லாத உறுப்பு ஏது? சிறுநீரகம், மூளையுறை, கண்குழி, தைராய்டு எனப் பல இடங்களிலும் இக்கட்டி, அரிதாகவேனும், பதிவாகியிருக்கிறது. 'ஸ்டாட்6' என்னும் புரதத்தைக் காட்டும் சாயம் கட்டியின் உயிரணுக் கருவில் படிந்ததாக அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள்: இக்கட்டியில் இரு மரபணுக்கள் ஒன்றாக இணைந்திருப்பதாக 2013இல் கண்டறியப்பட்ட மாற்றத்தின் வலுவான அடையாளம் அது. பெரும்பாலும் பரவாத கட்டிதான். எனினும் சில, பத்தாண்டு கழித்தும் திரும்புவதால், அறுவைக்குப் பின் ஸ்கேன் வேண்டாம் என்ற அந்த நண்பரின் அடுத்த வரியை அத்தை பின்பற்றவே கூடாது.